அகஸ்ரின் அங்கிளின் இடுப்பளவு

அந்த மீன்பிடிச் சாமான் கடையின் விதி எளிமையானது. வேடர்ஸ் வாங்க வருபவர் யாராக இருந்தாலும் நெஞ்சு, வயிறு, காலின் உள்நீளம் மூன்றையும் நாடா பிடித்து அளக்க வேண்டும். பிறகு மாட்டிவிட்டு ஒருதரம் குந்தி எழும்பச் சொல்ல வேண்டும். பாதத்திலிருந்து நெஞ்சுவரை ஒரே துண்டாக, தண்ணீர் புகாமல் தைத்த காற்சட்டை அது. அளவு பிழைத்தால் ஆற்றுக்குள் போனவர் ஆற்றோடு போகக்கூடும். ஏழு வருடமாக அங்கே வேலை பார்க்கும் றொனால்ட் இந்த விதியை மீறியதில்லை. பொலிஸ்காரரை அளந்திருக்கிறான். பாதிரியாரை அளந்திருக்கிறான். முந்நூற்றைம்பது இறாத்தல் எடையுள்ள லொறிச் சாரதி ஒருவரைக் கூச்சமில்லாமல் கட்டிப்பிடித்து அளந்திருக்கிறான். அந்தச் சனிக்கிழமை கதவைத் திறந்துகொண்டு வந்தவரைக் கண்டதும் அவன் கையிலிருந்த நாடா சுருண்டு சட்டைப்பைக்குள் போய்விட்டது.

வந்தவர் அகஸ்ரின். ஷரோனின் தகப்பன். இன்னும் ஐந்து கிழமையில் அவனுக்கும் ஷரோனுக்கும் என்கேஜ்மென்ற். ஹோல் பதிந்தாயிற்று, கேக்குக்குச் சொல்லியாயிற்று. அகஸ்ரின் மட்டும் இன்னும் முழு மனதாக "ஓம்" சொல்லவில்லை. "பாப்பம்" என்றுதான் சொல்லியிருந்தார்.

அகஸ்ரின் சாதாரண ஆள் இல்லை. ஸ்காபரோவில் காப்புறுதி விற்பவர்களில் அவருடைய படந்தான் ஆகப் பெரியது. பஸ் தரிப்பிடக் கதிரைகளில் அவர் சிரித்துக்கொண்டிருக்க, சனம் அவருடைய நெற்றியில் சாய்ந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும். 'சமூகத் திலகம்' என்ற பட்டம் அவருக்கு உண்டு. பட்டம் வழங்கிய ஒன்றியத்துக்கு அந்த வருடம் அவரே செயலாளர் என்பதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. மகளின் காதலன் மீன்பிடிச் சாமான் கடையில் வேலை என்பது அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். கேட்பவர்களிடம் "பொடியன் ஸ்போர்ட்ஸ் மனேஜ்மென்ற்" என்று சொல்லி வைத்திருந்தார்.

"தம்பி," என்றார், கடை முழுக்கக் கேட்க. "உம்மட கடையில ஆகத் திறமான வேடர்ஸ் எது?"

பின்னால் அவருடைய மனைவி ஜோசப்பின், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

விசயம் இதுதான். அகஸ்ரினுக்கு மேலே இருக்கும் பெரிய கொம்பனியின் துணைத்தலைவர் கோர்டன் என்பவர் ஒரு விருந்தில் பிளை ஃபிஷிங் பற்றிப் பேசியிருக்கிறார். இறகையும் நூலையும் முடிந்து பொய்ப்பூச்சி செய்து, அதை ஆற்றின் மேல் எறிந்து, மீனை நம்பவைக்கும் விளையாட்டு. அகஸ்ரினால் சும்மா இருக்க முடியவில்லை. தானும் சின்ன வயதிலிருந்து அதைத்தான் செய்வதாகச் சொல்லிவிட்டார். மீனோடு அவர் வாழ்க்கையில் செய்தது, மீன்கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்து விளைமீன் தெரிந்தெடுப்பது ஒன்றுதான். கோர்டன் சந்தோசப்பட்டு, வாற சனிக்கிழமை ஹம்பர் ஆற்றுக்கு வாரும் என்று அழைத்துவிட்டார்.

"எவ்வளவு ஆழத்துக்கு இறங்குவீங்கள், அங்கிள்?"

"அவர் எவ்வளவு இறங்கிறாரோ அதுக்கு ஒரு அடி கூட."

றொனால்டுக்கு முதல் குளிர் அப்போது அடித்தது. குளிருக்கு நல்லது என்று, தடித்த ரப்பர் வேடர்ஸ் ஒன்றை எடுத்துக் காட்டினான்.

"உது தெருவில குழாய் திருத்திறவங்கள் போடுறது போலக் கிடக்கு. அங்க தொங்குறது என்ன?"

அங்கே தொங்கியது மெல்லிய துணியில் செய்தது, மூச்சு விடக்கூடியது, கடையிலேயே விலை கூடியது. உள்ளே கம்பளிக் காற்சட்டை போடாவிட்டால் பத்து நிமிடத்தில் கால் மரத்துவிடும். அகஸ்ரின் அதன் நிறத்தைப் பார்த்துவிட்டார். இனிப் பேசிப் பயனில்லை.

"இடுப்பு எத்தினை, அங்கிள்?"

"நாப்பது."

அகஸ்ரினின் தோளுக்குப் பின்னால் ஜோசப்பின் அன்ரி மெதுவாக நான்கு விரலைக் காட்டினார். பிறகு எட்டு விரலைக் காட்டினார்.

நாற்பத்தெட்டு. றொனால்டின் கண்ணும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாடாவை எடுத்து அந்த வயிற்றைச் சுற்றிப் பிடித்தால் இலக்கம் வெளியே வந்துவிடும். பக்கத்தில் தூண்டில் பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். அது போதாதென்று காலின் உள்நீளம் வேறு. என்கேஜ்மென்ற்றுக்கு ஐந்து கிழமை இருக்க, வருங்கால மாமனாரின் தொடைக்குள் நாடா பிடிக்க எந்த மருமகனால் ஏலும்?

அவன் களஞ்சிய அறைக்குள் போனான். ஆகப் பெரிய அளவான 'கிங்' சைஸை எடுத்தான். அதன் வயிறு அகஸ்ரினுக்குச் சரி. கால்களுக்குள் மட்டும் இன்னொரு அகஸ்ரின் வசதியாகக் குடியிருக்கலாம். கத்தரிக்கோலால் லேபிளை வெட்டிக் குப்பைக்குள் போட்டான்.

"நாப்பதுதான், அங்கிள். ஐரோப்பியத் தையல். கொஞ்சம் தாராளமாத்தான் இருக்கும்."

"பாத்தீரோ?" என்று அகஸ்ரின் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நீர்தான் எந்த நேரமும் குண்டு குண்டெண்டு சொல்லுறனீர்."

"ஒருக்காக் குந்தி எழும்பிப் பாக்கிறீங்களே, அங்கிள்?"

"நான் ஏன் குந்த வேணும்? ஆத்துக்குள்ள நிக்கத்தானே போறன்."

அடுத்தது சப்பாத்து. கம்பளி அடி வைத்ததைக் காட்டினான். "உது கால்மிதி," என்றார் அகஸ்ரின். பாசி பிடித்த பாறைக்கென்று அடியில் இரும்பு ஆணிகள் வைத்ததைக் காட்டினான். அவர் தலையாட்டத் தொடங்க, ஜோசப்பின் அன்ரி குறுக்கே விழுந்தார்.

"ஐயோ, ஆணிச் சப்பாத்தோ! போன மாசந்தானே வீட்டு நிலத்துக்கு ஹார்ட்வூட் போட்டது!"

"அன்ரி, இது ஆத்துக்கு..."

"ஆத்துக்குப் போக முன்னம் வீட்டிலதானே தம்பி போட்டுப் பாக்கிறது? படம் எடுக்க வேண்டாமே?"

ஹார்ட்வூட்டில் கீறாத, வழுவழுத்த ரப்பர் அடிச் சப்பாத்து ஒன்று தெரிவானது. ஹம்பரின் அடியில் இருப்பது ஹார்ட்வூட் அல்ல, மேசை மேசையாகக் கிடக்கும் கற்பலகை, அதன் மேல் வெண்ணெய் போலப் பாசி. அதைச் சொல்லாமல் றொனால்ட் சப்பாத்தைப் பெட்டிக்குள் அடுக்கினான்.

கடைசியாக பெல்ற். இடுப்பில் இறுக்கிக் கட்டவேண்டிய அகலமான பட்டி. அகஸ்ரின் கண்ணாடி முன் அதைக் கட்டிப் பார்த்தார். வயிறு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு உருளைக்கிழங்கு மூட்டையாகப் பிரிந்தது. உடனே கழற்றினார்.

"உது வேண்டாம்."

"அங்கிள், அது கட்டாயம் வேணும். ஆத்துக்குள்ள விழுந்தா..."

"விழுந்தாலோ?"

தூண்டில் பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பேரும் திரும்பினார்கள். அகஸ்ரின் மேடையில் மைக் பிடிக்கும் குரலில் கேட்டார்: "ஆர் விழுறது?"

றொனால்ட் சொல்லவேண்டியது இரண்டே வசனம். பெல்ற் இல்லாமல் விழுந்தால் நெஞ்சால் தண்ணீர் புகுந்து கால்வரை நிரம்பும். பிறகு காலைத் தூக்க முடியாது. தினமும் பத்துப் பேருக்கு அதைச் சொல்கிறான், நித்திரையிலும் சொல்வான்.

"ஒருத்தரும் இல்லை, அங்கிள்," என்றான்.

பெல்ற்றை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டான். அதை வைத்ததே தன் கடமை முடிந்ததற்கு அடையாளம் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போய்வந்தான்.

திங்கட்கிழமை முகநூலில் படம் வந்தது. ஹார்ட்வூட்டின் மேல், தொங்கும் பளிங்கு விளக்கின் கீழ், முழு வேடர்ஸில் அகஸ்ரின் தூண்டிலை வாள் போலப் பிடித்தபடி நின்றார். 'இயற்கையோடு ஓர் உரையாடல்' என்று எழுதியிருந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் விரும்பியிருந்தார்கள். ஒன்றியத்தின் கவிஞர் ஒருவர் அவரைப் பொன்னி ஆற்றுக்குச் சமமாக வைத்து எட்டு வரி எழுதியிருந்தார். றொனால்ட் படத்தைப் பெருப்பித்து இடுப்பைப் பார்த்தான். பெல்ற் இல்லை. கால் பக்கம் துணி மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. ஓடும் தண்ணீர் அந்த மடிப்புகளைப் பிடித்தால் பாய்மரத்தைக் காற்றுப் பிடிப்பது மாதிரித்தான்.

செவ்வாய்க்கிழமை மழை தொடங்கியது.

புதனும் பெய்தது. கடைக் கண்ணாடிக்கு வெளியே வாகனத் தரிப்பிடம் குளமாகிக்கொண்டிருந்தது. றொனால்ட் வேலைக்கு நடுவே ஆற்றின் நீர்மட்டக் கணக்கைத் தொலைபேசியில் பார்த்தான். ஏறிக்கொண்டிருந்தது. அரை மணிக்கு ஒருதரம் பார்த்தான், ஏறிக்கொண்டுதான் இருந்தது. அன்று வந்த ஒரு வாடிக்கையாளரை மூன்று தரம் அளந்தான். நான்காம் தரம் நாடாவை எடுக்க, அந்த மனுசன் பின்வாங்கிவிட்டார்.

பின்னேரம் ஷரோனைக் கோப்பிக் கடையில் பிடித்தான்.

"ஜஸ்ற் கோல் ஹிம், றொன். பெல்ற் கட்டச் சொல்லுங்கோ. வட்ஸ் த பிக் டீல்?"

"நீர் சொல்லும்."

"நோ வே. நான் சொன்னா, ஆர் சொல்லித் தந்தது எண்டு கேப்பார். தென் இற்ஸ் யூ எனிவே."

"அவருக்கு நீந்தத் தெரியுமோ?"

ஷரோன் கோப்பியைக் கீழே வைத்தாள். யோசித்தாள். முப்பது வருடத்தில் அவள் தகப்பனைத் தண்ணீருக்குள் கண்டதில்லை. கியூபாவுக்குப் போனபோதும் நீச்சல் குளத்துக்குப் பக்கத்துக் கதிரையில் சூட் சப்பாத்தோடுதான் இருந்தாராம். "ஐ டோன்ற் நோ," என்றாள். சொன்ன பிறகு அவள் முகமும் கொஞ்சம் வெளுத்தது.

வியாழக்கிழமை அவனே தொலைபேசி எடுத்தான்.

"அங்கிள், ஆறு நல்லா ஏறிப்போய்க் கிடக்கு. வேற நாளுக்குப் போகலாமே?"

"கோர்டனே வாறார். மழைக்குப் பயந்து நான் வரேல்லை எண்டு சொல்லவோ?"

"அப்ப அந்தப் பெல்ற்றையாவது..."

"அதோ? அதால அன்ரி சூட்கேஸ் ஒண்டைக் கட்டி மொன்றியலுக்கு அனுப்பிப்போட்டா. நல்ல பெல்ற், தம்பி. வலு உறுதி."

சனிக்கிழமை றொனால்ட் வயிற்றுவலி என்று கடைக்குச் சொன்னான். முழுப் பொய்யுமில்லை. கடையிலிருந்து ஒரு மீன்வெட்டும் கத்தியும் நீளக் கயிறும் எடுத்துக் காருக்குள் போட்டிருந்தான். கயிற்றைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியதே ஒழியக் குறையவில்லை.

மழை விட்டிருந்தது. ஆறு பால் கூடிப்போன தேத்தண்ணி நிறத்தில், சத்தம் போடாமல், வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. சத்தம் போடும் ஆறு எவ்வளவோ மேல் என்பது றொனால்டுக்குத் தெரியும். கல் வெளியே தெரிவதால்தான் அது இரைகிறது. இங்கே கல்லெல்லாம் முழுகிக் கிடந்தது. ஷரோனிடம் இடம் கேட்டு வைத்திருந்தான். பழைய பாலத்துக்குக் கீழே ஒரு மரத்துக்குப் பின்னால், கத்தியை உறையோடு பின்பைக்குள் செருகி, கயிற்றைக் காலடியில் போட்டு, பெண் பார்க்க வந்து ஒளிந்து நிற்பவன் மாதிரி நின்றுகொண்டான்.

கோர்டன் முதலே வந்திருந்தார். எழுபது வயதிருக்கும், ஒடிசலான மனிதர். அவருடைய வேடர்ஸில் முழங்காலில் ஒரு ஒட்டு, பின்பக்கம் இரண்டு ஒட்டு. இடுப்பில் பெல்ற் இறுக்கமாக இருந்தது. கையில் ஊன்றுகோல். இவரையா கொம்பனியின் துணைத்தலைவர் என்கிறார்கள் என்று யாரும் கேட்கும் தோற்றம். பக்கத்தில் அகஸ்ரின் கண்காட்சியிலிருந்து இறங்கி வந்தவர் போல மினுங்கினார். நெஞ்சுப்பையின் விலைச்சீட்டு நூல்கூட இன்னும் தொங்கியது.

கோர்டன் தன் இடுப்பைத் தொட்டு, அகஸ்ரினின் இடுப்பைக் காட்டி, ஏதோ கேட்டார். அகஸ்ரின் தலையைப் பின்னால் எறிந்து பெரிதாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாலத்தில் பட்டுத் திரும்பி வந்தது. றொனால்ட் மரத்தை இறுக்கிப் பிடித்தான். இப்போது ஓடிப்போய் மறிக்கலாம். "அங்கிள், இறங்காதேங்கோ" என்று கத்தலாம். கத்தினால், கடைக்காரப் பொடியன் ஒருவன் துணைத்தலைவருக்கு முன்னால் சமூகத் திலகத்தை மானங்கெடுத்தினதாக முடியும். ஹோல், கேக், ஷரோன் எல்லாம் அந்த ஒரு கத்தலோடு போகும். கத்தாவிட்டால்?

யோசித்து முடிக்க முன் இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள்.

கோர்டன் கோலை ஊன்றி, காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்து, முழங்கால் அளவில் நின்றுவிட்டார். அகஸ்ரின் சொன்ன சொல் தவறாதவர். ஒரு அடி கூடப் போனார். தொடையளவு வந்தது. துணியின் மடிப்புகளைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. கால்கள் இரண்டும் பக்கவாட்டில் உப்பி அடிப்பதை றொனால்ட் கரையிலிருந்தே கண்டான். அகஸ்ரின் தூண்டிலைத் தலைக்கு மேலே தூக்கினார். கோர்டனைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். பஸ் கதிரைப் புன்னகை. அந்தப் புன்னகை அப்படியே இருக்க, ஆள் மட்டும் மெதுவாகக் கதிரையில் உட்காருவது போலக் கீழே போனார்.

நெஞ்சால் தண்ணீர் உள்ளே போனது. தொப்பி தனியாகப் பிரிந்து மிதந்தது. அகஸ்ரின் எழும்பப் பார்த்தார். ஒரு கால் வந்தது, மற்றது வரவில்லை. வாயைத் திறந்தார். எத்தனையோ மேடைகளில் மணிக்கணக்காகப் பேசிய வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

றொனால்ட் கயிற்றை மறந்துவிட்டான். ஜீன்ஸோடும் ஓட்டச் சப்பாத்தோடும் ஆற்றுக்குள் போனான். குளிர் நெஞ்சில் குத்தி மூச்சை நிறுத்தியது. பாசி அவனையும் ஒருதரம் விழுத்தியது. தவழ்ந்து போய் அகஸ்ரினின் தோள்பட்டி இரண்டையும் பின்னாலிருந்து பிடித்தான்.

"ஆரது?"

"நான்தான், றொனால்ட்!"

"விடும்... விடும் என்னை... கோர்டன் பாக்கிறார்..."

"பாக்கட்டும்! பின்னால சாயுங்கோ! கால ஊண்டாதேங்கோ, என்னில சாயுங்கோ!"

"நான் எழும்புவன்..."

"எழும்பேலாது! வாயை மூடிக்கொண்டு சாயுங்கோ!"

அகஸ்ரின் சாய்ந்தார். நாற்பத்தெட்டு அங்குல இடுப்பும் அதற்குள் நிரம்பிய ஆறும் றொனால்டின் நெஞ்சில் வந்து விழுந்தன. இரண்டு பேரும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு அடி அள்ளுப்பட்டார்கள். கீழே, ஆறு ஒரு அணைக்கட்டின் மேலால் விழும் இரைச்சல் இப்போதுதான் றொனால்டுக்குக் கேட்டது. மாதாவே என்று கூப்பிடக்கூட மூச்சில்லை. குதி எதிலோ தட்டியது. தட்டிய இடத்தில் ஊன்றினான். ஒரு ஊன்றுகோல் பக்கத்தில் நீண்டது. மறுமுனையில் கோர்டன், முகத்தில் எந்தப் பதற்றமும் இல்லாமல், தன் பெல்ற் வரை தண்ணீரில் நின்று இழுத்தார்.

கரைக்கு வந்தும் அகஸ்ரினால் ஏற முடியவில்லை. காற்சட்டைக்குள் இரண்டு பீப்பாய்த் தண்ணீர் நின்றது. நடுங்கிக்கொண்டு கரையைக் கையால் பிறாண்டினார். றொனால்ட் பின்பையிலிருந்து கத்தியை எடுத்தான்.

"என்ன செய்யிறீர்?"

"வெட்டப் போறன்."

"உதை வெட்டாதையும்! புதுசு, தம்பி!"

வெட்டினான். முழங்காலில் ஒன்று, மற்ற முழங்காலில் ஒன்று. ஆறு மறுபடி ஆற்றுக்குள் ஓடியது. இரண்டு பேருமாக அவரைப் புல்லில் இழுத்துப் போட்டார்கள். கோர்டன் போர்வை எடுக்கக் காருக்குப் போனார்.

றொனால்டின் பற்கள் அடித்துக்கொண்டன. குளிரா பயமா என்று பிரிக்க முடியவில்லை. இனி மறைத்து என்ன?

"அங்கிள், உங்களுக்கு நாப்பதில்லை. நான் அளக்கவே இல்லை. லேபிளை வெட்டிப்போட்டுப் பொய் சொன்னனான். பெல்ற் இல்லாமல் விட்டதும் என்ர பிழை. சொல்லப் பயமா இருந்தது."

அகஸ்ரின் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். உதடு நீலமாக இருந்தது.

"எனக்கு நீந்தத் தெரியாது," என்றார். குரல் வேறு யாருடையதோ போல மெல்லிசாக இருந்தது. "உள்ளுக்கு எனக்குக் கால் ரெண்டையும் காணேல்லை. ஷரோனின்ர பேரைக் கூப்பிடப் பாத்தனான். அதுவும் வரேல்லை."

அவருடைய கை புல்லில் தடவி வந்து றொனால்டின் ஈரக் கையைப் பிடித்தது. கோர்டனின் காலடிச் சத்தம் கேட்டதும் விட்டுவிட்டது.

கோர்டன் போர்வையைப் போர்த்திவிட்டு, சுடச்சுடத் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தார். பிறகு, மரத்துக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்த இந்த இளைஞன் யார் என்று கேட்டார்.

இவ்வளவு நாளும் 'பாப்பம்' என்று தொங்கிக்கொண்டிருந்த பதில் இப்போது வரவேண்டும்.

அகஸ்ரின் போர்வையைச் சால்வை மாதிரி இழுத்துவிட்டார். தொண்டையைச் செருமினார். மைக் குரல் திரும்பி வந்தது.

"என்னுடைய மருமகன்," என்றார், திருத்தமான ஆங்கிலத்தில். "மீன்பிடிச் சாமான் கடையில் வேலை. எனக்குப் பிழையான அளவை விற்றுவிட்டார்."

கோர்டன் றொனால்டைப் பார்த்தார். அகஸ்ரினின் வயிற்றைப் பார்த்தார். அளக்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றான் றொனால்ட். அளக்காமல் விற்பது பெரிய பிழை என்றார் கோர்டன். பெரிய பிழைதான் என்று அகஸ்ரினும் தலையாட்டி ஒத்துக்கொண்டார்.

திரும்பும்போது றொனால்டே காரை ஓட்டினான். ஹீட்டர் உச்சத்தில் அடித்தது. ஈர ஜீன்ஸ் தொடையில் ஒட்டிக் கிடந்தது. கண்ணை இமைக்கும்போதெல்லாம் தொப்பி தனியாக மிதந்து போனது. பக்கத்தில் அகஸ்ரின் தொலைபேசியில் மனைவிக்கு ஆறு எப்படி எதிர்பாராமல் பெருகியது என்பதை விளக்கி முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் யன்னலால் பார்த்தார்.

"என்கேஜ்மென்ற்றுக்கு என்ன கோட் போடுறீர்?"

"இன்னும் எடுக்கேல்லை, அங்கிள்."

"மாமா எண்டு சொல்லும். நான் வந்து தெரிஞ்செடுத்துத் தாறன். உமக்கு அளவு விளங்காது."

அவர் தலையைச் சரித்து, றொனால்டின் தோளை ஒரு பார்வை பார்த்தார்.

"நாப்பத்தினாலு," என்றார்.

றொனால்டின் அளவு முப்பத்தெட்டு. அவன் வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓம், மாமா. கச்சிதமா இருக்கும்."